மத்தியானம் மட்டும் உதறிய முக்காலி

“கீழ எறங்கு. கையைக் காட்டு.”

முசியே அருளப்பன் இப்படிச் சொன்னபோது வண்டி நின்றுவிட்டது. நான் இன்னும் நிற்கவில்லை. தோள் ஆடிக்கொண்டிருந்தது. பல் ஆடிக்கொண்டிருந்தது. தொப்பி நாலு வீட்டுக்கு முன்பே கழன்று சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் மூன்று மணி. புதுச்சேரியின் மே மாதத்து வெயில். தெருவில் இருந்த சன்னல் பலகை இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கண். பகல் தூக்கம் முடிந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த தெருவுக்கு அன்றைக்கு நான்தான் காப்பி.

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் அது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, அவற்றுக்கு நடுவில் இரண்டு பேர் உட்கார ஒரு மெத்தை ஆசனம். தெருக்கோடியிலிருந்து அவர் வீட்டு வாசல் வரை அதை ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. குதிரை வண்டி வேகத்துக்கு வந்ததும் முன்சக்கரம் இடம், வலம், இடம், வலம் என்று உதறத் தொடங்கியது. அதைப் பிடித்திருந்த ஹாண்டில் உதறியது. ஹாண்டிலைப் பிடித்திருந்த கை உதறியது. கையோடு ஒட்டிக்கொண்டிருந்த பாவி நானும் உதறினேன்.

இறங்கிக் கையை நீட்டினேன். காற்றில் தந்திக் கம்பி அதிர்வதுபோல் விரல் பத்தும் அதிர்ந்தன.

“எவ்வளவு நாளா இருக்கு?” என்றார், வைத்தியர் தோரணையில்.

“வண்டியிலதான் ஏதோ கோளாறு, முசியே.”

“காலையில பூசைக்கு இதே வண்டியிலதான் போயி வந்தேன். தண்ணியில படகு போற மாதிரி போச்சு. வாயை ஊது.”

ஊதினேன். காப்பி வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம். சாராயம் என்றால் விடச் சொல்லலாம். குடிக்காமலே நடுங்குகிற கையை என்ன செய்வது?

“அடுத்த ஞாயித்துக்கெழம பெரிய பூசை முடிஞ்சதும் காரைக்கால்லேருந்து ஒரு வீட்டுக்காரங்க வராங்க, தெரேஸைப் பொண்ணு பாக்க. வர வேணாம்னு எழுதறதா இருந்தேன்.” என் கையை இன்னொரு முறை பார்த்தார். “எழுதல.”

தெரேஸ் அவருடைய ஒரே மகள். அன்று காலை வரைக்கும் நான் கட்டிக்கொள்ள இருந்த பெண்.

எனக்கு வரும் ஒரே வித்தை

போன வாரம் நான் தூண்டில் வீசி என் காதையே பிடித்த கதையைப் படித்துவிட்டு, திண்டிவனத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஐயா, உமக்கு உருப்படியாக ஏதாவது வருமா?”

வரும். கையெழுத்து வரும்.

அந்த நாளில் நான் மெரியில் குமாஸ்தா. நகரசபை மாளிகையை நாங்கள் மெரி என்றுதான் சொல்வோம், ஐயாவை முசியே என்பதுபோல. ஊரில் யார் பிறந்தாலும், யார் போனாலும், யார் கல்யாணம் செய்துகொண்டாலும் பெரிய பெரிய புத்தகங்களில் அதைப் பிரெஞ்சில் எழுதி வைப்பது என் வேலை. எங்கள் ஊர்ச் சட்டப்படி, கோயிலில் தாலி கட்டுமுன் மெரிக்கு வந்து அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். எத்தனையோ மாப்பிள்ளைகள் என் மேசை முன்னால் பேனாவைப் பிடிக்கத் தெரியாமல் வியர்த்து நின்றதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் வைத்துக்கொண்டார்.

முசியே அருளப்பன் சைகோனில் சுங்க இலாகா உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மகளின் பிறப்புப் பத்திரத்துக்கு நகல் கேட்டு ஒருநாள் வந்தார். நகலைக் கையில் வாங்கியவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

“யார் எழுதினது இது?”

நான் உடனே பக்கத்து மேசைக்காரரைக் கைகாட்டினேன். யாராவது அப்படிக் கேட்டால் தப்பு நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இது ஆபீஸ் பழக்கம்.

பக்கத்து மேசைக்காரர் என்னைத் திருப்பிக் கைகாட்டினார். அருளப்பன் சிரித்தார். “இவ்வளவு நேரா எழுதறவன் இவ்வளவு கோணலா பொய் சொல்றானே!” என்றார். பிறகு விசாரித்திருக்கிறார். நல்ல கத்தோலிக்கக் குடும்பம், தாய் தகப்பன் இல்லை, சொந்தமாக ஒரு வாடகை அறை, குடி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நடுங்காத கை. ஒரு மாதத்தில் பேச்சு எழுந்தது.

ஆகவே என் கை நடுங்குகிறது என்றால், மாப்பிள்ளையிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

புஸ்புஸ் வண்டியும் ஒரு பூந்தொட்டியும்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு புஸ்புஸ் வண்டி தெரியாது. ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்துத் தாமே திருப்பிக்கொள்ள வேண்டும். அதாவது போகிற வேகம் ஒருவருடையது, போகிற திசை இன்னொருவருடையது. விபத்து நடந்தால் இருவருமே நிரபராதிகள்.

அருளப்பனுக்கு இதில் ஒரு சித்தாந்தம் இருந்தது. “ஒருத்தன் புஸ்புஸ்ல கம்பியைப் பிடிக்கிற விதத்துல அவன் குடும்பம் நடத்தற விதம் தெரிஞ்சிடும்” என்பார்.

முதல்முறை அவர் வீட்டுக்கு நான் புஸ்புஸ்ஸில்தான் போனேன். மரியாதையாக இருக்கட்டுமே என்று. வாசலில் கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை, காதில் சின்னத் தோடு. நான் கம்பியைப் பார்க்காமல் தோட்டைப் பார்த்தேன். வண்டி அவர்கள் வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்தது.

தொட்டி இரண்டாகப் பிளந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர், “நான் தள்ளத்தான் தள்ளனேன், திருப்பனது அவருதான்” என்று உரக்க வாக்குமூலம் கொடுத்தார். கதவோரம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அடங்கியது. அருளப்பன் சிரிக்கவில்லை. மண்ணைத் தள்ளிவிட்டு, “உள்ள வா” என்றார். ஒரு தவணை மன்னித்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த மன்னிப்போடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. கொல்லைப்புறக் கொட்டகையைக் காட்டி, “மோட்டார் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் அந்தச் சிரிப்புக்காரி நிற்கிறாள் என்று தெரியும்.

“கரைச்சுக் குடிச்சிருக்கேன்” என்றேன்.

ஒரு பிரெஞ்சுக்கார அதிகாரி காருக்குச் சக்கரம் மாற்றியபோது அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் மோட்டார் கல்வி அவ்வளவுதான்.

முக்காலி

தெருவில் அந்த வண்டிக்குப் பெயர் முக்காலி. பென்ஷனுக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது, ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அருளப்பன் வாங்கியது. வாங்கி ஆறு மாதம் ஓட்டினார். மறுபடி சைகோனுக்குக் கப்பல் ஏறும்படி ஆகிவிட்டது. மூன்று வருஷம் முக்காலி கொட்டகையில் சாக்குப் போர்த்திக்கொண்டு தவம் இருந்தது. கடல் காற்று இரும்பைத் தின்றுவிடுமே என்று அவர் மாசம் ஒரு கடிதம் எழுதுவாராம். வீட்டார் சுகமா என்று ஒரு வரி, வண்டி சுகமா என்று ஒரு பக்கம்.

நானும் என் சிநேகிதன் ஏழுமலையும் அதை வெளியே இழுத்தோம். ஏழுமலைக்கு ஊர் சேதராப்பட்டு. பெரிய வாய்க்கால் ஓரம் சைக்கிள் கடை வைத்திருந்தான். மோட்டாரை அவன்தான் சுத்தம் செய்தான்; நான் சுத்தமாக நின்றேன். ஒரு வாரத்தில் முக்காலி இருமியது, துப்பியது, பிறகு தெருவே அதிரும்படி உறுமியது. அருளப்பன் மறுநாள் காலைப் பூசைக்கு அதிலேயே போய்த் திரும்பி, மகா சந்தோஷமாக, “மத்தியானம் நீ ஓட்டிக் காட்டு” என்றார்.

அந்த மத்தியானம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

காரைக்கால் சமாசாரத்தைக் கேட்டதும் நான் கெஞ்சினேன். “ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க. கோளாறு எங்கேன்னு கண்டுபுடிச்சுக் காட்டறேன்.”

“கண்டுபுடி. காலையில பூசை முடிஞ்சு வந்ததும் எடுத்துட்டுப் போ. மத்தியானம் கொண்டாந்து வாசல்ல நிறுத்து. நான் எழுந்து வந்ததும் ஓட்டிக் காட்டு. ஆனா ஒண்ணு,” விரலை உயர்த்தினார், “தூக்கத்துல எழுப்பாதே.”

சைகோனும் புதுச்சேரியும் சேர்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே மதம் பகல் தூக்கம். பன்னிரண்டரைக்குக் கதவு அடைத்தால் மூன்றுக்குத்தான் திறக்கும். இடையில் கப்பல் படையே கரை இறங்கினாலும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏழுமலை வைத்தியம்

“மூணு வருஷம் ஒரே எடத்துல நின்னா உனக்கும் பாதம் தட்டையாப் பூடும்” என்றான் ஏழுமலை, முன்சக்கரத்து டயரைத் தடவி. உண்மைதான். தரையை அழுத்திக்கொண்டிருந்த இடம் சப்பையாக இருந்தது. அந்தச் சப்பை சுற்றி வரும்போதெல்லாம் சக்கரம் ஒரு குதி குதிக்கும் என்றான். டயரைக் கழற்றி, எங்கிருந்தோ கொண்டுவந்த சப்பை விழாத டயரை மாட்டினான்.

மத்தியானம் அருளப்பன் வாசலில் ஓட்டினேன். உதறியது.

மறுநாள் முன்பக்கத்தைத் தூக்கி ஒரு பெட்டிமேல் நிறுத்தினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு சாக்கட்டியைப் பிடித்தான். ரிம்மில் ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தது. “கோட்டம் இருக்குடா. துரு ஏறிப் போக்ஸ் கம்பி தளர்ந்துபோச்சு.” கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் கோட்டம் எடுத்தான். சக்கரம் நூல் பிடித்தாற்போல் சுற்றியது.

மத்தியானம் ஓட்டினேன். உதறியது. இந்த முறை தொப்பி போடாமல் போயிருந்தேன். அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

மூன்றாம் நாள் அச்சைக் கழற்றிப் பார்த்தான். நன்றாக இருந்தது. ஹாண்டில் தண்டு சட்டத்துக்குள் இறங்கும் இடத்தைச் சைக்கிள் கடையில் கழுத்து என்பார்கள். மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், இரண்டிலும் பால்ரஸ் குண்டுகள் உருளும். அதில் ஆட்டம் இருந்தாலும் சக்கரம் உதறும். ஏழுமலை கீழே குந்தி, ஃபோர்க்கு இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கினான். இம்மியும் அசையவில்லை.

“கழுத்து கல்லு மாதிரி இருக்கு.”

கடற்கரைச் சாலையில் அவன் ஓட்டிப் பார்த்தான். உதறல் இல்லை. நான் ஓட்டினேன். உதறல் இல்லை. ஒரு கையை விட்டேன். இரண்டு கையையும் விட்டேன். ஒரு சிப்பாய் விசில் ஊதும் வரை விட்டுக்கொண்டிருந்தேன். முக்காலி நேராகப் போயிற்று.

மத்தியானம் அருளப்பன் வாசலில் உதறியது.

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தான். சிநேகிதன் பார்க்கிற பார்வை அல்ல அது. “டேய் பஸ்தியான், உள்ளபடி சொல்லு. அவரப் பாத்தா உனக்குக் கை நடுங்குதா?”

“பயமா இருக்கும். நடுங்காது.”

“கையை நீட்டு.” நீட்டினேன். புறங்கையில் ஒரு தம்ளரை வைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினான். நூறு எண்ணினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“கை நல்லாத்தான் கீது” என்றான் சலிப்போடு. கோளாறு கையில் இருந்திருந்தால் அவன் வேலை முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

முழங்காலில் ஒரு வெள்ளைப் பொட்டு

அன்று மாலை என் அறையில் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல வெள்ளைக் கால்சட்டை. முழங்காலில் காசு அளவுக்கு ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. சுரண்டினால் நகத்தில் செதிலாக வந்தது. இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தேன். உருகித் துணியில் ஊறியது. ஒரு வாசனை எழுந்தது.

எனக்குத் திடுக்கென்றது. அந்த வாசனை எனக்கு அத்துப்படி.

சின்ன வயதில் நான் பூசை உதவிக்காரப் பையன். பெரிய திருநாளில் பீடத்து மெழுகுவர்த்தி ஏற்றப் போய், எனக்கு முன்னால் மண்டியிட்டிருந்த கோயில் பாடகர் ஒருவரின் சால்வையை ஏற்றிவிட்டேன். அவர் உச்ச ஸ்தாயியில் இருந்தார். பாட்டிலேயே அலறினார். உணர்ச்சியில் பாடுகிறார் என்று சபை முழுவதும் கண்ணீர் விட்டது. தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி அவர் முதுகில் கவிழ்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அன்றோடு என் ஊழியம் முடிந்தது. ஆனால் கோயில் மெழுகின் வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

கோயில் மெழுகு என் முழங்காலுக்கு எப்படி வந்தது? நான் மண்டியிட்டு ரொம்ப நாளாயிற்று.

அன்று மத்தியானத்தை நினைத்துப் பார்த்தேன். கதவு திறக்கும் வரை முக்காலியை அவர் வாசலில் நிறுத்தியிருந்தேன். நான் எதிர்ச்சாரி நிழலில் நின்றேன். வண்டி வெயிலில் நின்றது. முதல் நாளிலிருந்தே இப்படித்தான். மூன்று மணிக்குச் சற்று முன்னால், மரியாதையாக இருக்கட்டும் என்று அதன் விளக்கைத் துடைத்தேன். அப்போது முழங்கால் சரியாக ஹாண்டில் கழுத்துக்குக் கீழே இருந்தது.

காலையில் கொட்டகை நிழலிலிருந்து வரும் வண்டி உதறாது. கடை நிழலிலிருந்து கடற்கரைக்குப் போனாலும் உதறாது. இரண்டரை மணி நேரம் வெயிலில் வெந்த வண்டி உதறும். நான் மரியாதையாகக் காத்திருந்ததுதான் என்னைக் குடிகாரன் ஆக்கியிருக்கிறது!

சமையல்கட்டுச் சன்னல்

சனிக்கிழமை மத்தியானம் அருளப்பன் குறட்டை சீராக வரும் வரை காத்திருந்து, பக்கத்துச் சந்தில் இருந்த சமையல்கட்டுச் சன்னலில் தட்டினேன். தெரேஸ் எட்டிப் பார்த்தாள்.

“தண்ணி வேணுமா?”

“வேணாம். ஒரு கேள்வி. முக்காலியோட கழுத்துக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் முகம் வெளுத்தது. கையில் இருந்த செம்பு சன்னல் கம்பியில் இடித்தது. “யார் சொன்னாங்க?”

“என் கால்சட்டை.”

மெதுவாகச் சொன்னாள். அப்பா சைகோனிலிருந்து கடிதத்துக்குக் கடிதம், “கழுத்தைக் காயவிடாதே, கிரீஸ் வை” என்று எழுதியிருக்கிறார். கிரீஸ் டப்பா இரண்டாவது வருஷமே தீர்ந்துவிட்டது. கடையில் போய்க் கேட்க இவளுக்குக் கூச்சம். பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் தொண்டை நோய் வராமலிருக்கக் கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தியைச் சிலுவைபோல் கட்டிக் கழுத்தில் வைத்து மந்திரிப்பார்கள். திருநாள் முடிந்து அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த துண்டுகள் பெட்டியில் இருந்திருக்கின்றன. இவள் சைக்கிள் ஸ்பானர் சாவியால் கழுத்து நட்டைக் கழற்றி, அவற்றை உருக்கி உள்ளே ஊற்றி, நட்டைத் திருப்பி மூடிவிட்டாள்.

“இறுக்கமா மூடினீங்களா?”

“கையால எவ்வளவு முடியுமோ அவ்வளவு.” அந்தக் கையைப் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை.

எல்லாம் விளங்கிவிட்டது. நட்டு தளர்ச்சி. குளிர்ந்த மெழுகு இறுகி, ஆட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதனால்தான் ஏழுமலை உலுக்கியபோது கல் மாதிரி இருந்தது. வெயிலில் மெழுகு இளகியதும் கழுத்து தொளதொளத்து, சக்கரம் தாண்டவம்.

“நல்லதாப் போச்சு. மூணு மணிக்கு உங்கப்பாகிட்ட சொல்லிடறேன்.”

“ஐயோ, வேணாம்! மந்திரிச்ச மெழுகுவர்த்தி. அதை வண்டியில ஊத்தினேன்னு தெரிஞ்சா அப்பா என்னை உண்டில்லன்னு ஆக்கிடுவாரு. எங்கம்மா மூணு மாசம் பேசமாட்டாங்க.”

“சொல்லலன்னா காரைக்கால்.”

அவள் தலையைக் குனிந்தாள். நறுக்கிய வெண்டைக்காயை மறுபடி நறுக்கினாள். “காரைக்கால் ரொம்ப தூரம்” என்றாள்.

இருபத்து நாலு வயதில் அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை. உடனே வீரம் வந்துவிட்டது. வீரம் வந்தால் எனக்கு அறிவு போய்விடும், எப்போதும் அப்படித்தான்.

“உங்கப்பா ஒரே ஒரு தடவை இந்த நேரத்துல ஓட்டினா போதும். மெழுகை யார் ஊத்தினாங்கன்னு கேட்டா நான் பாத்துக்கறேன்.”

“அவரை யாரு எழுப்பறது?”

“முக்காலி.”

தூக்கம் கலைந்தது

ஏழுமலையை ஸ்பானர் சாவிகளோடு தெருக்கோடியில் நிறுத்தினேன். இரண்டரை மணி. வெயில் முக்காலியை நன்றாக வேகவைத்திருந்தது. அருளப்பன் படுக்கை அறைச் சன்னலுக்கு நேர் கீழே உதைத்துக் கிளப்பி, மோட்டாரை முழுசாக முறுக்கினேன்.

தெரு எழுந்தது. காக்கைகள் எழுந்தன. சைகோன் பட்டுக் கைலியும் வெறும் மார்புமாக அருளப்பன் வெளியே வந்தார். ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு.

“பொழுது தெரியாதாடா உனக்கு?”

“ஓட்டிப் பழகறேன், முசியே. கை நடுக்கம் போகணுமில்ல?” என்று சொல்லி, பத்தடி போனேன். நன்றாக உதறியது. போதாததற்கு நானும் கொஞ்சம் சேர்த்து உதறினேன்.

“எறங்கு! குடு இங்க. ஹாண்டிலைப் பிடிக்கிறது எப்படின்னு இன்னைக்குக் காட்டறேன்.”

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் தூர விலகி நின்றேன். தெருக்கோடி வரை மெதுவாகப் போய்த் திரும்பினார். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து வேகம் எடுத்தார். மூன்றாவது வீடு வரை முகத்தில் சுங்க அதிகாரி இருந்தார். நாலாவது வீட்டில் முக்காலி தொடங்கியது.

முதலில் மணிக்கட்டு. அப்புறம் கன்னம். அப்புறம் வயிறு. அது தனியாக ஒரு தாளத்தில் ஆடியது. என் தொப்பி விழுந்த அதே இடத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி விழுந்தது.

எதிர்வீட்டு மாடிச் சன்னலிலிருந்து ஒரு குரல்: “ஐயய்யோ, முசியேவுக்கும் கை நடுக்கம் ஒட்டிக்கிச்சு!”

வண்டி நின்றது. இறங்கினார். தன் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். ஆடின. என்னை அருகில் வரச் சொல்லி என் கையை நீட்டச் சொன்னார். அதுவும் ஆடியது. நாலு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“கழட்டு அதை” என்றார் ஏழுமலையிடம்.

ஏழுமலை ஃபோர்க்கைப் பிடித்து உலுக்கினான். இந்த முறை டக், டக் என்று தெளிவாகக் கேட்டது. நட்டு அவன் சாவி பட்டதுமே சுற்றியது. ஹாண்டிலைத் தூக்கினான். இளகிய மெழுகு பால்கட்டிபோல் வழிந்தது. அருளப்பன் விரலில் தொட்டு முகர்ந்தார்.

“மெழுகு. கோயில் மெழுகு. யார் வேலை?”

“நான்தான்” என்றேன்.

“மூணு வருஷமா பூட்டிக் கெடந்த கொட்டகை. போன மாசம் வரைக்கும் நீ யாருன்னே எனக்குத் தெரியாது.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. வீரத்தில் அறிவு போய்விடும் என்று சொன்னேனே.

“நான்தாம்ப்பா.” கதவோரத்திலிருந்து தெரேஸ் தெருவுக்கே இறங்கி வந்துவிட்டாள். “கிரீஸ் தீந்துபோச்சு. காயவிடாதேன்னு நீங்க எழுதிட்டே இருந்தீங்க. கழுத்துக்கு மந்திரிச்சதுதானே, கழுத்துக்கு நல்லதுன்னு நெனைச்சேன்.”

அருளப்பனுடைய மீசை ஒரு பக்கமாக இழுத்தது. இடி விழப்போகிறது என்று நான் தெரேஸுக்கு முன்னால் ஒரு அடி வைத்தேன். அந்த ஒரு அடியை அவர் பார்த்தார்.

ஏழுமலை, இதொன்றும் கண்டுகொள்ளாமல், கிண்ணத்தைத் துணியால் துடைத்து நீட்டினான். “இதப் பாருங்க முசியே. மூணு வருஷம் உப்புக் காத்து. சக்கரம் துரு, கம்பி துரு, விளக்கு துரு. இங்க ஒரு பொட்டு துரு இல்ல. கண்ணாடி மாதிரி கீது. கிரீஸ் வெச்சிருந்தாகூட இப்பிடி இருக்காது.”

அருளப்பன் கிண்ணத்தை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே அவர் முகமே தெரிந்தது. அதைப் பார்த்து முதலில் அந்த முகம் சிரித்தது. பிறகு அவர் சிரித்தார். வயிறு மறுபடி அதே தாளத்தில் ஆடியது. முக்காலியில் ஏறாமலே.

“மந்திரிச்சது வீண் போவல” என்றார் மகளிடம். “நட்டை மட்டும் ஆம்பளையா இறுக்கியிருக்கணும்.”

“அதுக்குத்தான் ஆள் தேடறீங்க” என்றாள் தெரேஸ். சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ ஏன்டா பொய் சொன்ன?”

“பழக்கம், முசியே.”

“கை நிக்க எவ்வளவு நேரமாவும்?”

“ஒரு மணி நேரம்.”

“நின்னதும் உள்ள வா. காரைக்காலுக்கு ஒரு கடுதாசி எழுதணும், வர வேணாம்னு. மரியாதையா, அழகா எழுதணும். எனக்கு அப்படி எழுத வராது. நீயே எழுது.”

பிரெஞ்சு, தமிழ் இரண்டு மொழியிலும் எழுதினேன். அவ்வளவு அழகான எழுத்தை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. காரைக்கால் வீட்டார் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பதிவேட்டில் ஒரு பக்கம்

மழைக்காலம் வருவதற்குள் கல்யாணம். காலை எட்டு மணிக்கு மெரி, ஒன்பதுக்குக் கோயில். புது கிரீஸ் வைத்து, நட்டை ஏழுமலை தன் கையால் இறுக்கிய முக்காலியில் தெரேஸையும் மாமாவையும் உட்காரவைத்து நானே ஓட்டிவந்தேன். பால் மாதிரி போயிற்று.

மெரியில் பெரிய புத்தகம் திறந்திருந்தது. அந்தப் பக்கத்தில் எங்கள் பெயர்களை முதல்நாளே நான்தான் எழுதி வைத்திருந்தேன். முத்து முத்தான எழுத்து. பக்கத்து மேசைக்காரர் பேனாவை மசியில் தோய்த்து என்னிடம் நீட்டினார். எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்து நான் சிரித்த அதே இடத்தில் நின்று, பேனாவை வைத்தேன்.

அது இடம், வலம், இடம், வலம் என்று போயிற்று.

மாமா என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். காதருகே குனிந்தார்.

“இன்னும் வெயில்கூட ஏறலியேடா!”

அந்தப் பதிவேடு அங்கே பத்திரமாக இருக்கிறது. நான் அந்த ஆபீசில் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, நண்டு மசியில் விழுந்து எழுந்து நடந்ததுபோல் ஒரே ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொன்று, தெரேஸுடையது. அதில் ஓர் உதறல் கிடையாது.